வெள்ளை போர்டு வேனில் சொந்தச் சரக்கு ஏற்றியதால் நான் இழந்தது: வேன் காப்பீடு எடுப்போருக்குச் சில விவரங்கள்

காங்கேயத்தில் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டி, ஈரோடு, திருப்பூர்க் கடைகளுக்கு நானே வேனில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். 2023 நவம்பரில் அந்த வேன் விபத்தில் சிக்கியது. வேனுக்கு முழுக் காப்பீடு இருந்தது. பிரீமியம் கட்டத் தவறியதே இல்லை, ஓட்டுநர் உரிமமும் என் பெயரில் சரியாக இருந்தது. அப்படியிருந்தும் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்று கடிதம் அனுப்பியது. கணவர் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்க, செக்கையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அந்தக் கடிதத்தோடு நான் தனியாகப் போராடிய மாதங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. எங்கள் பகுதியில் மளிகை, காய்கறி, துணி, பால் பொருள் என்று எதையாவது வெள்ளை போர்டு வேனில் ஏற்றிச் செல்லும் நூற்றுக்கணக்கானோர் நான் வைத்திருந்த அதே வகைப் பாலிசியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலராவது விபத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த வேன் 2021-இல் குடும்பத்துக்காக வாங்கிய ஐந்து இருக்கை மாருதி ஈகோ. சொந்தப் பயன்பாட்டு வாகனமாக, வெள்ளை எண் பலகையுடன் பதிவானது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் முதல் இருப்பதால், அந்தப் பகுதியைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டேன். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியை மட்டும் ஆண்டுதோறும் ஓர் ஏஜென்ட் வழியாகப் புதுப்பித்து வந்தேன். 2022-இல் செக்குத் தொழிலைத் தொடங்கிய பிறகு, பின்பக்கம் இருக்கும் பெரிய இடத்தில் டின்களை அடுக்கிக் கடைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். அடுத்த புதுப்பிப்பின்போது ஏஜென்டிடம் இதைச் சொல்லி, பாலிசியில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "உங்க சொந்தப் பொருள்தானுங்களே அக்கா, வாடகைக்கா ஓட்டறீங்க? ஃபுல் கவர் போட்டாச்சு, ஒண்ணும் பயமில்லைங்க" என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்கே அப்படித்தான் தெரிந்திருந்தது. வாடகைக்கு ஓட்டினால்தான் பிரச்சினை, சொந்தப் பொருள் என்றால் பிரச்சினை இல்லை என்ற அந்த நம்பிக்கை எங்கள் ஊரில் ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கிறது. அது தவறு.

விபத்து அரச்சலூர் அருகே நடந்தது. நல்ல மழை. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. அதன் பின்விளக்கு எரியவில்லை. நான் பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போய் மோதியது. பானெட், ரேடியேட்டர், முன்பக்க பம்பர், இரண்டு ஹெட்லைட்டுகள், கண்ணாடி எல்லாம் நொறுங்கின. பின்னால் இருந்த டின்களில் பாதி பிதுங்கி உடைந்து, வண்டி முழுவதும் எண்ணெய் வழிந்தது. என்னோடு வந்த வேலையாள் பெண்ணுக்குத் தோள்பட்டையில் பலத்த அடி. எனக்குப் பெரிய காயம் இல்லை என்றாலும், கை நடுங்கிக்கொண்டே இருந்ததால் போனில் எண்ணைக்கூட அழுத்த முடியவில்லை. சாலையில் போனவர்கள்தான் ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அந்த நிலையிலும் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், எதிர் வாகனத்தின் எண்ணோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும்; அன்றே காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணை அழைத்துத் தகவல் சொல்லி, கிளைம் பதிவு எண் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் என் தம்பி வந்து செய்தான். பின்னால் மேல்முறையீட்டில், தகவல் தாமதமாக வந்தது என்ற இன்னொரு காரணத்தை நிறுவனம் சேர்க்க முடியாமல் போனதற்கு அதுவே உதவியது.

மூன்றாம் நாள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பட்டறைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சேதத்தைப் பட்டியல் எடுத்த பிறகு, "பின்னாடி எண்ணெய் வாசனை வருதே, மேடம், என்ன ஏத்திட்டுப் போனீங்க?" என்று கேட்டார். கடைகளுக்குக் கொண்டுபோன எண்ணெய் என்று சொன்னேன். டின்களையும் என் கடைப் பெயர் ஒட்டிய அட்டைப் பெட்டிகளையும் படம் எடுத்துக்கொண்டார். நான் சொன்னதை எழுதி என் கையெழுத்தும் வாங்கினார். வீட்டு உபயோகத்துக்கு என்று சொல்லியிருக்கலாமே என்று பின்னால் பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. தவறான வாக்குமூலம் கொடுத்திருந்தால் அதுவே கிளைமை முழுவதுமாக ஒழித்திருக்கும். பின்னால் எனக்குக் கிடைத்த தொகையும் கிடைத்திருக்காது. உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பாத கிளைம் படிவத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. பயன்பாட்டு வரம்பை மீறியதால் இழப்பீடு தர இயலாது என்பதே அதன் சாரம். அன்று இரவு பாலிசியை முதல் முறையாக முழுவதும் படித்தேன். இந்தியாவில் தனியார் கார் பாலிசிகளில் ஏறத்தாழ ஒரே மாதிரி வாசகம் இருக்கும். எந்த நோக்கத்துக்காகவும் வண்டியைப் பயன்படுத்தலாம், ஆனால் கீழ்க்கண்டவற்றுக்கு அல்ல என்று ஒரு பட்டியல் வரும். அதில் முதலாவது, வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டுவது. இரண்டாவது, மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயணப் பைகளும் தவிர்த்து மற்ற சரக்குகளை ஏற்றுவது. அதன் பிறகு பந்தயம், வேகச் சோதனை, வாகன வியாபாரத் தொடர்பான பயன்பாடு முதலியவை வரும். முதல் இரண்டும் தனித்தனி விலக்குகள் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வாடகை வாங்காவிட்டாலும், சரக்கு உங்களுடையதே ஆனாலும், விற்பனைக்கான பொருளை ஏற்றிய நேரத்தில் அந்தப் பாலிசி உங்களுக்குத் துணை நிற்காது. ஏஜென்ட் எனக்குச் சொன்ன பதில் முதல் விலக்குக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாவதை அவர் கவனிக்கவே இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சரக்கு வாகனம் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில், சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வண்டி மட்டுமல்ல, அப்படிக் கட்டப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சேர்ந்துவிடுகிறது. ஆகவே உழவர் சந்தைக்குத் தன் தோட்டத்துத் தக்காளியைக் கொண்டுபோகும் விவசாயியின் வெள்ளை போர்டு வேனும் அந்த நேரத்தில் சரக்கு வாகனமாகவே பார்க்கப்படலாம். 'ஃபுல் கவர்', 'பம்பர் டு பம்பர்' என்று நாம் பேசுவதெல்லாம் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைப் பற்றியவை. எந்தப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் பாலிசியின் முதல் பக்கத்தில் வாகன வகை, பயன்பாட்டு வரம்பு என்ற இரண்டு இடங்களில்தான் இருக்கும். எவ்வளவு கூடுதல் பிரீமியம் கட்டினாலும் இந்த இடம் தவறாக இருந்தால் பயனில்லை.

என்னை அதிகம் பயமுறுத்தியது என் வண்டியின் சேதம் அல்ல. அன்று நான் மோதியது லாரியாக இல்லாமல் இருசக்கர வாகனமாக இருந்து, அதில் போனவருக்கு உயிர்ச் சேதம் ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். பாதிக்கப்பட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிறுவனம் நிரூபித்தால், முதலில் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிட வாய்ப்பு உண்டு என்றார். உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களில் வரும். வீட்டையும் செக்கையும் விற்றாலும் என்னால் அதைக் கட்ட முடியாது. அதைக் கேட்ட பிறகு பல நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பட்டறை ரசீது 1,74,000 ரூபாய். வண்டியை எடுக்காமல் விட்டால் நிறுத்துக் கட்டணம் ஏறும் என்பதால் நகையை அடகு வைத்து முழுவதையும் கட்டினேன். உடைந்த எண்ணெயின் மதிப்பு 41,000 ரூபாய். கடைகளை விட்டுவிடக் கூடாது என்பதற்காக வாடகைக்கு டாடா ஏஸ் எடுத்துச் சரக்கு அனுப்பிய வகையில் 38,000 ரூபாய். வேலையாள் பெண்ணின் மருத்துவச் செலவும் அவள் வேலைக்கு வர முடியாத நாள்களுக்கான கூலியும் சேர்த்து 12,000 ரூபாய். நகைக்கடன் வட்டி தனி. இதில் பிறகு திரும்பி வந்தது 96,000 ரூபாய் மட்டுமே. அது எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுப்புக் கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம்.

மறுப்புக் கடிதம் இறுதி முடிவு அல்ல. பயன்பாட்டு வரம்பு மீறல் வழக்குகளில், 2010-இல் உச்ச நீதிமன்றம் அமலேந்து சாகு என்பவரின் வழக்கில் தந்த தீர்ப்பு மிக முக்கியமானது. தனியார் பயன்பாட்டு வண்டியை வாடகைக்கு விட்டபோது விபத்து நடந்தது. கிளைமை முழுவதும் மறுத்தது சரியல்ல என்றும், நிபந்தனை மீறல் இருந்தாலும் தகுதியுள்ள இழப்பீட்டில் 75 விழுக்காடு வரை தரலாம் என்ற வழிமுறையைப் பின்பற்ற வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. அதற்கு முன் 2008-இல் திருட்டு வழக்கு ஒன்றிலும் இதே போக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். விபத்துக்குக் காரணம் மழையும் விளக்கில்லாத லாரியும்தான், பின்னால் இருந்த எண்ணெய் டின்கள் அல்ல என்பதையும் தெளிவாகச் சொன்னேன். அவர்கள் பழைய பதிலையே திரும்ப அனுப்பினார்கள்.

அடுத்தபடி, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்). தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை. தனிநபர் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் சிறுதொழிலின் பாலிசிக்கும் புகார் தரலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ அதிலிருந்து ஓராண்டுக்குள் இங்கே வர வேண்டும். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருக்கக் கூடாது. ஆகவே எந்த வழி என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நான் பாலிசி, மறுப்புக் கடிதம், பட்டறை ரசீது, சர்வேயரிடம் கொடுத்த வாக்குமூலத்தின் படம், தீர்ப்பின் நகல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கட்டி அனுப்பினேன். விசாரணையில் நிறுவனத்தின் தரப்பில் பேசியவர் சரக்கு ஏற்றியதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மறுக்கவில்லை, இழப்பீட்டை முழுவதும் மறுப்பது சரியா என்பது மட்டுமே என் கேள்வி என்றேன். தேய்மானமும் கட்டாயப் பிடித்தமும் (ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) போகச் சர்வேயர் மதிப்பிட்ட தொகை 1,28,000 ரூபாய். அதில் 75 விழுக்காடான 96,000 ரூபாயைத் தரும்படி தீர்ப்பு வந்தது. அன்று பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து அழுதேன். பணம் கிடைத்த மகிழ்ச்சியைவிட, நான் சொன்னதை யாரோ ஒருவர் முழுவதும் கேட்டார் என்ற நிம்மதிதான் அந்த அழுகைக்குக் காரணம்.

75 விழுக்காடு கிடைக்கும் என்று நம்பி யாரும் தவறான பாலிசியோடு இருந்துவிடக் கூடாது. அது ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. வண்டிச் சேதத்துக்கு மட்டுமே பொருந்துவது. ஆகவே பாலிசி எடுக்கும் முன் வண்டியை எதற்கு ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தோடு போக, கோயிலுக்குப் போக, நீங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ போய்வர, பணம் வாங்காமல் உறவினருக்கு ஓட்டக் கொடுக்க என்றால் தனியார் கார் பாலிசி போதும். விற்பனைப் பொருளை ஏற்றுவது வழக்கமான வேலை என்றால் சரக்கு வாகனப் பாலிசி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளையோ வேலையாள்களையோ கட்டணத்துக்கு ஏற்றிப் போவதென்றால் பயணிகள் வாகனப் பாலிசி. அதில் வண்டிக்கு ஒரு தொகையும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு தொகையும் சேர்த்துப் பிரீமியம் கணக்கிடுவார்கள். மாதாமாதம் டீசல் காசு என்ற பெயரில் பெற்றோரிடம் வாங்கினாலும் அது கட்டணம்தான். குழாய் வேலை, மின்வேலை செய்பவர்கள் கருவிப் பையோடு போவது எந்தப் பக்கம் சேரும் என்பதில் ஐயம் எழலாம். அப்படிப்பட்டவர்கள் தங்கள் பயன்பாட்டை இரண்டு வரியில் விளக்கி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்டின் வாய்ச்சொல்லை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது.

பாலிசி மட்டும் மாறினால் போதாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வகையும் பாலிசியில் உள்ள வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டிக்கு யாரும் சரக்கு வாகனப் பாலிசி தர மாட்டார்கள். என் ஈகோவைச் சரக்கு வண்டியாக மாற்றிப் பதிவு செய்ய முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தேன். பயணிகளுக்கென்று ஒப்புதல் பெற்ற உடலமைப்பை மாற்ற முன் அனுமதி, கடன் கொடுத்த வங்கியின் தடையில்லாக் கடிதம், பிரேக் இன்ஸ்பெக்டரின் சோதனை என்று நீண்டது. அதைவிட வண்டியை விற்றுவிட்டு, நிறுவனத்திலேயே சரக்கு வண்டியாகக் கட்டப்பட்ட ஈகோ கார்கோவை மஞ்சள் போர்டில் வாங்குவது எனக்குச் சரியாகப் பட்டது. மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட், பேட்ஜ் என்று அலைய வேண்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலேயே பெர்மிட்டிலிருந்து விலக்கு இருக்கிறது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்குக் குறைவான போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்று மட்டும் கட்டாயம். முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. எஃப்.சி. காலாவதியான நாளில் விபத்து நடந்தால் மீண்டும் இதே போராட்டம்தான்.

செலவு கூடும் என்பது உண்மை. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு ஓராண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். 7,500 கிலோ வரையுள்ள பொதுச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். ஒன்றரை டன் எடையுள்ள சின்ன வேனையும் ஏழரை டன் லாரியையும் ஒரே படியில் வைத்திருப்பது சிறுதொழில் செய்பவர்களுக்கு நியாயமாகப் படவில்லை. வெள்ளை போர்டிலேயே ஓட்டுவோம் என்று பலர் முடிவெடுப்பதற்கு இந்த வித்தியாசமே முதல் காரணம் என்று நினைக்கிறேன். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் வண்டிக்குத் தனிப் பிரிவு ஒன்று உண்டு, அதில் பிரீமியம் குறைவு. உங்கள் வண்டி அதில் சேருமா என்று கட்டாயம் கேளுங்கள். ஆனால் அந்தப் பிரிவில் எடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரின் மூட்டையை வாடகைக்கு ஏற்றினால் மறுபடியும் வரம்பு மீறலாகிவிடும். கொங்கு நாட்டில் திரும்பி வரும் வண்டியை யாரும் சும்மா ஓட்டுவதில்லை என்பதால், நான் பொதுச் சரக்குப் பிரிவையே எடுத்துக்கொண்டேன். வண்டிச் சேதப் பகுதியும் வரியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 25,000 ரூபாய் ஆகிறது.

சரக்கு வண்டிப் பாலிசியில் காருக்கு இல்லாத ஒரு விலக்கு இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே படித்துக் கண்டுபிடித்தேன். விளக்குகள், டயர், மட்கார்டு, பம்பர், பானெட்டின் பக்கப் பகுதி, பெயின்ட் ஆகியவற்றின் சேதம், வண்டி முழுவதும் நாசமானால் ஒழிய, அடிப்படைப் பாலிசியில் சேராது. ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்தால் மட்டுமே அவற்றுக்கும் ஓரளவு கிடைக்கும். என் விபத்தைப் போன்ற முன்பக்க மோதலில் செலவின் பெரும்பகுதி இந்தப் பாகங்களில்தான் வருகிறது. கொட்டேஷன் வாங்கும்போது இந்தப் பிரிவு இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மலிவான கொட்டேஷன்களில் பெரும்பாலும் இது இருக்காது. தேய்மானத்தையும் கணக்கில் வையுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையே தருவார்கள். தேய்மானம் பிடிக்காத கூடுதல் பிரிவு என் பழைய பாலிசியில் இல்லாததால்தான் 1,74,000 ரூபாய்ச் செலவு 1,28,000 ரூபாயாக மதிப்பிடப்பட்டது. வண்டியில் பிறகு சி.என்.ஜி. பொருத்தினால் அதை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும்.

வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். தனியார் கார் பாலிசியில் நம்மிடம் சம்பளம் வாங்கும் வேலையாளுக்கும் ஓட்டுநருக்கும் பொறுப்பு ஏற்கச் சிறிய கூடுதல் தொகை கட்டியிருக்க வேண்டும். என் பாலிசியில் அது இல்லை. ஓட்டுநருக்கான பிரிவுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்தான் கட்டணம். அந்தப் பெண் எலும்பு முறிந்து நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போயிருந்தால் நான் அவள் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது, இந்தச் சின்னத் தொகையைச் சேர்க்கும்படி ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. சரக்கு வண்டியில் ஓட்டுநர், ஆர்.சி.யில் உள்ள எண்ணிக்கைக்கு உட்பட்ட வேலையாள்கள், சரக்கின் உரிமையாளர் அல்லது அவர் அனுப்பிய ஆள் ஆகியோருக்குப் பாதுகாப்பு உண்டு. இனாமாக ஏறிக்கொள்பவர்களுக்கு இல்லை. சரக்கு வண்டியில் அப்படி வந்த பயணிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிடா வெட்டுக்கும் கல்யாணத்துக்கும் சொந்தக்காரர்களை மினி லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்த வண்டி கவிழ்ந்தால் அத்தனை பேருக்குமான இழப்பீடும் உரிமையாளரின் தலையில்தான் விழும். உறவினர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் இப்போது யாரையும் ஏற்றுவதில்லை.

உடைந்த எண்ணெய்க்கு எந்த மோட்டார் பாலிசியிலும் பணம் கிடைக்காது. சரியான சரக்கு வண்டிப் பாலிசி இருந்திருந்தாலும் அந்த 41,000 ரூபாய் போயிருக்கும். ஏற்றிச் செல்லும் பொருளுக்குத் தனியாக உள்நாட்டுச் சரக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் எடுக்காமல், ஆண்டு முழுவதும் அனுப்பும் சரக்கின் மதிப்பைச் சொல்லி ஒரே பாலிசியாகவும் எடுக்கலாம். அதற்கு ஒவ்வொரு நடைக்கும் பில் இருக்க வேண்டும் என்பதால், துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த காலம் என் கடையில் முடிந்தது.

இப்போது வெள்ளை போர்டு வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் ஆர்.சி.யையும் பாலிசியின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலிசி எடுப்பதற்காக நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பயன்பாடு என்ற இடத்தில் உங்கள் சார்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். நகல் தரத் தயங்கினால் நிறுவனத்தின் கிளைக்கே எழுதிக் கேளுங்கள்; அதைப் பெறுவது உங்கள் உரிமை. வண்டியை மாற்ற முடிவு செய்தால், கிளைம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடி தனியார் காரிலிருந்து சரக்கு வண்டிக்கு மாறாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டியை விற்கும்போது அதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் வேறு கார் வாங்கும்போது அதைப் பயன்படுத்தலாம். புது வண்டி பதிவாகி, சரியான வகையில் பாலிசி கைக்கு வரும் வரை சரக்கை வாடகை ஏஸில் அனுப்புங்கள். எங்கள் ஊரிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு நடைக்கு ஆகும் வாடகை, நான் அடகு வைத்த நகைக்குக் கட்டிய ஒரு மாத வட்டியைவிடக் குறைவு.